வணங்காத கை

விளையாட்டில் அரசியல் புகலாகாது என்று உபதேசிக்கும் பெரியவர்கள் எல்லாத் தேசங்களிலும் இருக்கிறார்கள். காதுக்கு இனிய உபதேசந்தான். ஆனால் அதை அவர்கள் யாரைப் பார்த்துச் சொல்லுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மைதானத்தில் தன் கட்சிக் கொடியை நாட்டி, வீரர்களின் மார்பில் தன் சின்னத்தைப் பொறித்து, தன் தலைவனுக்கு வணக்கம் செலுத்தும்படி கட்டளையிடும் ஸர்க்காரைப் பார்த்து இவர்கள் வாய் திறப்பதில்லை. அந்த வணக்கத்தைச் செலுத்த மறுக்கும் வீரனைப் பார்த்துத்தான், "தம்பி, விளையாட்டில் அரசியலைப் புகுத்தாதே" என்று புத்தி சொல்லுகிறார்கள். இந்த உபதேசத்தின் உண்மையான பெறுமதி என்னவென்று அறிய விரும்புவோர், ஆல்பர்ட் ரிக்டர் என்ற ஜெர்மானிய சைக்கிள் வீரரின் சரித்திரத்தை அறிந்துகொள்வது நலம். இருபத்தேழு வயதில் ஒரு சிறு பட்டணத்துச் சிறையில் முடிந்துபோன வாழ்க்கை அது.

ரைன் நதிக்கரையிலுள்ள கொலோன் நகரத்தில், தொழிலாளர் குடியிருக்கும் எரன்பெல்ட் என்ற பகுதியில், 1912-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதி பிறந்தவர் ரிக்டர். அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் பெரிய நகரங்களில் சைக்கிள் பந்தயத்துக்கு இருந்த மவுசு இன்று நமக்கு வியப்பைத் தரும். பலகைகளைச் சரிவாகப் பொருத்திய வட்டப் பாதைகளைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடுவார்கள். தொழிலாளியும் சீமானும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஆரவாரம் செய்வார்கள். ரிக்டரைக் கவர்ந்தது இந்தப் பாதையே.

அவர் தேர்ச்சி பெற்றது குறுகிய தூரப் பந்தயம். இது நேயர்கள் பலர் நினைக்கக்கூடியதுபோல, தொடக்கம் முதல் முடிவு வரை தலை தெறிக்க ஓட்டுவதன்று. இரண்டு பேர், சில சமயம் மூன்று பேர், பாதையில் இறங்குகிறார்கள். முதல் சுற்றுகளில் இருவரும் நத்தைபோல் ஊர்கிறார்கள். ஒருவன் முன்னே போனால் அவனுக்குப் பின்னால் காற்றின் தடையில்லாமல் மற்றவன் பதுங்கி வரலாம் என்பதால், முன்னே போக இருவருமே தயங்குகிறார்கள். சில வேளைகளில் சைக்கிளை அசையாமல் நிறுத்தி, கால் தரையில் படாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பதும் உண்டு. கடைசி 200 மீட்டர் தூரத்துக்கு மட்டுமே காலக்கணக்கு எடுக்கப்படும். அந்தப் பத்துப் பன்னிரண்டு விநாடிகளில், வருஷக்கணக்கில் சேர்த்த பலம் முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டவேண்டும். துடைப் பலத்தோடு நெஞ்சுரமும், எதிரியின் மனத்தைப் படிக்கும் புத்தியும் இல்லாதவன் இதில் வெல்ல முடியாது.

1932-ம் வருஷம் ரோமாபுரியில் நடந்த உலகப் போட்டியில், பணத்துக்கு ஓட்டாதவர் பிரிவில், இந்தப் பந்தயத்தில் ரிக்டர் உலக வீரர் பட்டம் பெற்றார். அப்பொழுது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. பிறகு அவர் இதையே தொழிலாகக் கொண்டார். 1933 முதல் 1939 வரை ஏழு வருஷங்கள் தொடர்ந்து ஜெர்மனியின் முதல் வீரராக விளங்கினார். பாரிஸ் நகரத்து ஜனங்கள் அவரைத் தங்கள் பிள்ளைபோல் கொண்டாடினார்கள். இயந்திர வேகத்தைப் பார்த்து 'ஜெர்மானிய எட்டு ஸிலிண்டர்' என்று பத்திரிகைகள் பெயர் சூட்டின. உலகப் பட்டத்துக்கு அவருக்குக் குறுக்கே நின்றவர் பெல்ஜியத்தின் ஜெஃப் ஷேரன்ஸ். 1932 முதல் 1937 வரை தொடர்ந்து ஆறு முறை உலக வீரரான அவரிடம், 1934-ல் லைப்சிக்கிலும் 1935-ல் பிரஸ்ஸல்ஸிலும் ரிக்டர் இரண்டாமவராக நின்றார். இந்த இருவரும், பிரான்ஸின் லூயி ஜெரார்டானும் பாதையில் பரம விரோதிகள். பாதையை விட்டு இறங்கினால் பிராண சிநேகிதர்கள். மூவரும் ஒன்றாகவே ஊர் ஊராகப் பிரயாணம் செய்வார்கள். பத்திரிகைகள் அவர்களை மூன்று மஸ்கெடீர்கள் என்று அழைத்தன.

இங்கே இன்னொருவரைக் குறிப்பிட வேண்டும். அவர் எர்ன்ஸ்ட் பெர்லினர். முன்பு தாமும் சைக்கிள் வீரராக இருந்தவர். கொலோன் நகரத்து யூதர். ரிக்டரின் திறமையைக் கண்டுகொண்டு, அவருக்குப் பயிற்சி தந்து, பந்தயங்களுக்கு ஒப்பந்தம் பேசி, தகப்பன் ஸ்தானத்தில் நின்று ஆளாக்கியவர் அவரே. 1933-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி ஹிட்லர் அதிகாரத்துக்கு வந்தார். சில மாதங்களுக்குள் ஜெர்மானிய விளையாட்டுச் சங்கங்கள் யூதர்களை வெளியேற்றத் தொடங்கின. இதற்காகச் சங்கங்கள் எல்லாவற்றையும் ஸர்க்கார் கழுத்தைப் பிடித்து நெருக்க வேண்டியிருக்கவில்லை. பல சங்கங்கள் முந்திக்கொண்டு தாமாகவே செய்தன. 1935-ல் நூரெம்பர்க் சட்டங்கள் வந்தபிறகு ஜெர்மானிய யூதனுக்குப் பிரஜா உரிமையே இல்லாமற் போயிற்று. ஒரு யூதரைத் தம் காரியதரிசியாக வைத்துக்கொள்வது ரிக்டரின் தொழிலுக்கு நாசம் என்பது யாவருக்கும் தெரிந்த விஷயம். கைவிட்டுவிட்டால் ஒருவரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எத்தனையோ பேர் அப்படித்தான் செய்தார்கள். ரிக்டர் கைவிடவில்லை. 1937-ல் பெர்லினர் ஹாலந்துக்குத் தப்பியோடிய பின்பும் அந்தத் தொடர்பு அறுபடவில்லை.

1934-ல் ஹானோவர் நகரத்தில் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. ஜெர்மானியப் பட்டத்தை வென்ற ரிக்டர் நடுவில் நிற்கிறார். அவரைச் சுற்றியுள்ளவர்கள் வலது கையை நீட்டி ஹிட்லர் வணக்கம் செலுத்துகிறார்கள். ரிக்டரின் கை மட்டும் உயரவில்லை. வெளி நாடுகளில் போட்டியிடும்பொழுதும், சுவஸ்திகா பொறித்த உடையைத் தவிர்த்து, பழைய ஜெர்மானியக் கழுகு பொறித்த உடையையே அவர் அணிந்தார். தேசத்தை அவர் துறக்கவில்லை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். தேசம் வேறு, அதன் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும் கட்சி வேறு என்ற பேதத்தை அந்த உடையே சொல்லிற்று. ஒரு கட்சி தானே தேசம் என்று சொல்லத் தொடங்கும்பொழுது, அந்தப் பேதத்தை ஞாபகப்படுத்துகிறவன்தான் மெய்யான தேசபக்தன் என்பது நமது அபிப்பிராயம்.

உள்ளதை உள்ளபடி சொல்லுவோம். ரிக்டர் அரசியல் தொண்டர் அல்லர். மேடை ஏறிப் பேசினவரும் அல்லர், துண்டுப் பிரசுரம் எழுதினவரும் அல்லர். ஏழு வருஷம் ஹிட்லரின் ஜெர்மனியில் பட்டம் வென்றார். அந்த வெற்றிகளின் கீர்த்தியில் ஒரு பங்கை அந்த ஆட்சி தன் கணக்கில் எழுதிக்கொண்டது என்பதையும் மறுக்க முடியாது. 'அப்படியானால் அவர் ஏன் முதலிலேயே நாட்டை விட்டுப் போகவில்லை?' என்று கேட்கிறவர்கள் கேட்கலாம். தாயும் தகப்பனும் சகோதரரும் ஊரும் உள்ள ஒரு மனிதன் அவ்வளவு சுலபமாகப் போய்விட முடியாது என்பதே விடை. நம்மிடையே உள்ள தொண்டர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சிறை சென்றவன், கொடி பிடித்தவன், கோஷமிட்டவன் ஆகியோரை மட்டுமே தைரியசாலிகளின் ஜாபிதாவில் சேர்ப்பார்கள். தன் தொழிலைப் பார்த்துக்கொண்டு, தன்னைக் கேட்ட இடத்தில் மட்டும் 'முடியாது' என்று சொல்லுகிறவனை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. இது சரியன்று. கொடுங்கோலாட்சி நடப்பது கோடிக்கணக்கான சாதாரண ஜனங்கள் தினந்தோறும் கொடுக்கும் சிறு சிறு சம்மதங்களினால். கை தூக்குவது ஒரு சம்மதம். நண்பனைத் தெருவில் கண்டும் காணாமற் போவது ஒரு சம்மதம். இந்தச் சம்மதங்களை மறுப்பவன் பேசாமலிருந்தாலும் எதிர்ப்பாளனே. அவனுடைய மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று கொடுங்கோலனுக்கு நன்றாகத் தெரியும்.

1939-ம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில் மிலான் நகரத்தில் உலகப் போட்டி நடந்துகொண்டிருந்தது. செப்டம்பர் முதல் தேதி ஜெர்மனி போலந்தின்மீது பாய்ந்தது. போட்டி முடிவு பெறாமலேயே கலைந்தது. வீரர்கள் அவரவர் தேசத்துக்கு ஓடினார்கள். மூன்று மஸ்கெடீர்களும் எதிர்ப் பக்கங்களில் பிரிந்து நிற்கும் காலம் வந்தது. வெளி நாடுகளுக்குப் போய்வரும் வீரர்களை உளவு வேலைக்குப் பயன்படுத்த விரும்பிய ரஹஸ்யப் போலீஸார் ரிக்டரையும் அணுகினார்கள் என்றும், அவர் மறுத்துவிட்டார் என்றும் அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். டிஸம்பர் 9-ந் தேதி பெர்லினில் நடந்த பெரும் பந்தயத்தில் அவர் வென்றார். அதுவே அவருடைய கடைசிப் பந்தயம். வருஷத்தின் கடைசி நாளான டிஸம்பர் 31-ந் தேதி, ஸ்விட்ஸர்லாந்து செல்லும் ரயிலில் சைக்கிளுடன் ஏறினார்.

அந்தச் சைக்கிளின் டயருக்குள் 12,700 மார்க் நாணயம் இருந்தது. அது அவருடைய பணமன்று. கொலோனை விட்டுத் தப்பிப்போன ஒரு யூத நண்பருடையது. அந்தப் பணம் ஏன் டயருக்குள் போகவேண்டியிருந்தது என்பதை நேயர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நாட்டை விட்டு வெளியேறும் யூதன் கையில் பத்து மார்க்குக்கு மேல் எடுத்துச் செல்லக்கூடாது என்பது அன்றைய ஜெர்மானியச் சட்டம். அவனுடைய சொத்தில் ஒரு பெரும் பங்கை, ஓடிப்போவதற்கான வரி என்ற பெயரால் ஸர்க்கார் பிடுங்கிக்கொள்ளும். மிச்சம் பாங்கியில் முடக்கப்படும். ஒருவனை அடித்துத் துரத்துவது, துரத்தும்பொழுது அவன் மடியை அவிழ்த்துக்கொள்வது, அவிழ்த்துக்கொள்ளாமல் காப்பாற்ற முயல்பவனைக் கள்ளக் கடத்தல்காரன் என்று பிடிப்பது - இதற்குச் சட்டம் என்று பெயர்! சட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் என்ற முறையில் நாம் ஒன்று சொல்லுவோம். சட்டம் என்ற பெயர் தாங்கிய எல்லாவற்றுக்கும் மரியாதை உரியதன்று. கொள்ளைக்குக் கொடுத்த ரசீதைச் சட்டம் என்று எந்த நியாயவாதியும் ஒப்புக்கொள்ள முடியாது. நண்பனின் சொந்தப் பணத்தை அவனிடமே சேர்ப்பிக்கப் போனவர் குற்றவாளியும் அல்லர்.

ஸ்விட்ஸர்லாந்தின் எல்லைக்கு முன்னால் உள்ள கடைசி ஜெர்மானிய ஸ்டேஷன் வைல். அங்கே ரயில் நின்றது. அதே ரயிலில் வந்த ஹாலந்து தேசத்துச் சைக்கிள் வீரர்கள் பிற்காலத்தில் சொன்னதாவது: சோதனைக்கு வந்தவர்கள் வேறு எதையும் தேடவில்லை, நேராக ரிக்டரின் சைக்கிளுக்குப் போய் டயர்களைக் கிழித்தார்கள். எங்கே பார்க்கவேண்டும் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அப்படியானால் யாரோ சொல்லியிருக்க வேண்டும். உடனிருந்தவர் எவரோ காட்டிக்கொடுத்தார் என்ற சந்தேகம் அன்று எழுந்தது, இன்றுவரை தீரவில்லை. ரிக்டரைப் பக்கத்திலுள்ள லோராக் பட்டணத்துச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். 1940-ம் வருஷம் ஜனவரி 2-ந் தேதி அவர் அங்கே இறந்தார்.

எப்படி இறந்தார்? முதலில் பனிச்சறுக்கில் விபத்து என்ற செய்தி பரவிற்று. பின்னர், சிறை அறையில் தூக்குப் போட்டுக்கொண்டார் என்பது அதிகாரிகளின் கூற்றாக நிலைத்தது. அவரைத் தேடிச்சென்ற சகோதரர், இரத்தக்கறை படிந்த நிலையில் உடலைக் கண்டதாகச் சொல்லியிருக்கிறார். இந்த விஷயம் சுதந்திரமான நீதிபதி ஒருவர் முன்பு பகிரங்கமாக விசாரிக்கப்பட்டதே கிடையாது. கேஸை எடைபோடுவோம். இறந்தவர் திட சரீரமுள்ள இளைஞர். கைதாகி மூன்று தினங்கூட முழுதாகக் கழியவில்லை. அவரை வைத்திருந்தது ரஹஸ்யப் போலீஸ். அந்த அறைக்குள் யார் போனார்கள், யார் வந்தார்கள் என்பது அவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. மரணத்தின் காரணத்தைப் பற்றியோ ஒன்றுக்கொன்று ஒவ்வாத பேச்சுகள். காவலில் வைக்கப்பட்டவன் மாண்டால், அது எவ்வாறு நேர்ந்தது என்று ருசுப்படுத்தும் பாரம் காவல் வைத்தவனைச் சேர்ந்தது. இது ஜெர்மனிக்கு மட்டும் ஏற்பட்ட நியாயமன்று; எங்கெங்கே காவற்கூடம் உண்டோ அங்கெல்லாம் பொருந்தும் நியாயம். அந்தப் பாரத்தை அவர்கள் தாங்கவில்லை. ஆகவே இது கொலையே என்று நினைக்க உலகத்துக்குப் பூரண உரிமை உண்டு.

ரஹஸ்யப் போலீஸ் அப்படி நடந்துகொண்டதில் ஆச்சரியமில்லை. அதன் தொழிலே அது. நம்மைத் திடுக்கிட வைப்பது சைக்கிள் சங்கத்தின் நடத்தை. ஏழு வருஷம் ரிக்டரின் வெற்றிகளைத் தன் மார்பில் பதக்கமாக அணிந்திருந்த சங்கம் அது. அவருக்காக ஒரு கேள்வி கேட்கவில்லை. யூதனுக்காகப் பணம் கடத்திய குற்றவாளி என்று தூற்றி, அவருடைய பெயரைத் தன் வரிசையிலிருந்தும் நினைவிலிருந்தும் என்றென்றைக்கும் அழித்துவிட்டதாக அறிவித்தது. ஒருவனை உடலால் கொன்றவர்கள் ஒரு சாரார். பெயரால் கொன்றவர்கள் மற்றொரு சாரார். விளையாட்டில் அரசியல் கூடாது என்று சொல்லும் பெரியவர்களுக்கு இங்கேதான் நமது கேள்வி. இந்த அறிவிப்பு விளையாட்டா, அரசியலா? சங்கங்கள் அங்கத்தினரைக் காப்பதற்காக ஏற்பட்டவை. ஸர்க்காரின் கோபத்துக்குப் பயந்து தன் அங்கத்தினனைத் தூக்கி எறியும் சங்கம் ஸர்க்காரின் இலாகாக்களில் ஒன்றாகிவிடுகிறது. பெயர்ப்பலகை மட்டும் வேறு.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. ரிக்டர் வெற்றி முழக்கம் கேட்ட பாரிஸ் நகரத்துக் குளிர்காலச் சைக்கிள் அரங்கம் 1942-ம் வருஷம் ஜூலை மாதம் வேறொரு காரியத்துக்கு உபயோகமாயிற்று. அம்மாதம் 16, 17 தேதிகளில் பிரெஞ்சுப் போலீஸார் சுமார் 13,000 யூதர்களைப் பாரிஸிலும் சுற்றுப்புறத்திலும் கைது செய்தார்கள். அவர்களில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் குழந்தைகள். பிள்ளை குட்டியுடன் பிடிபட்ட குடும்பங்களை அந்த அரங்கத்தில் அடைத்து, போதிய தண்ணீரும் இடவசதியும் இல்லாமல் பல நாள் வைத்திருந்தார்கள். அங்கிருந்து முகாம்களுக்கும், முகாம்களிலிருந்து ஆஷ்விட்ஸ் மரணச் சாலைக்கும் கொண்டுபோனார்கள். பிடித்தவர்கள் ஜெர்மானியரல்லர், சொந்த தேசத்துப் போலீஸாரே என்பதைப் பிரெஞ்சு ஜனாதிபதி ஒருவர் பகிரங்கமாக ஒப்புக்கொள்ள 1995-ம் வருஷம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மைதானத்தில் அரசியல் இல்லை என்று ஆறுதலாகச் சொல்லிக்கொண்டவர்கள், அந்த மைதானமே காவற்கூடமாக மாறியதைக் கண்டார்கள்.

போர் முடிந்தபின் நியாயம் கிடைத்ததா? ஒளிந்திருந்து உயிர் தப்பிய பெர்லினர் விடாமல் பிரயாசைப்பட்டார். அவருடைய புகாரின்பேரில் 1960-களில் கொலோன் நகரத்து அதிகாரிகள் விசாரணையைத் தொடங்கி, போதிய சாட்சியமில்லை என்று மூடிவிட்டார்கள். சாட்சியத்தை அழிக்கப் போதுமான காலத்தைக் குற்றவாளிகளுக்குக் கொடுத்துவிட்டு, பின்பு சாட்சியமில்லை என்று கைவிரிப்பது நீதிமன்றங்களின் பழைய வழக்கம். அவருடைய ஊர்க்காரர்களே அவரை மறந்திருந்தார்கள். 1980-களின் கடைசியில் ஒரு செய்திப்படமும், பிறகு 1998-ல் ரெனாட்டே ஃபிரான்ஸ் என்ற பெண்மணி எழுதிய சரித்திரமும் வெளிவந்த பின்புதான் பெயர் மீண்டும் எழுந்தது. இன்று கொலோன் நகரத்துச் சைக்கிள் பந்தயப் பாதை ஆல்பர்ட் ரிக்டரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2008-ல் ஜெர்மானிய விளையாட்டுத் துறையின் கீர்த்தி மண்டபத்திலும் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. என்றென்றைக்கும் அழித்துவிட்டோம் என்று அறிவித்தவர்களின் 'என்றென்றைக்கும்' அறுபது எழுபது வருஷந்தான் நீடித்தது. ஆயினும், கொன்றவன் ஒருவனும் கூண்டில் ஏறவில்லை என்ற வடு அப்படியே இருக்கிறது. பாதைக்குப் பெயர் வைப்பது நன்று. அது தீர்ப்புக்கு ஈடாகாது.

இந்தச் சரித்திரத்தை நாம் இங்கே எழுதியது கண்ணீர் விடுவதற்காக அல்ல. விளையாட்டுச் சங்கத்தையோ, வக்கீல் சங்கத்தையோ, தொழிற்சங்கத்தையோ நடத்துகிற நேயர்கள் நம் வாசகர்களில் அநேகர் உண்டு. அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் அங்கத்தினன் ஒருவனை அதிகாரத்தில் உள்ளவர்கள் பிடித்துக்கொண்டு போகிற நாள் வந்தால், அவன் நல்லவனா கெட்டவனா என்று அன்றைக்கு ஆராய உட்காராதீர்கள். அவன் எங்கே இருக்கிறான், எந்தச் சட்டத்தின்கீழ் பிடித்தார்கள், எந்த நீதிபதியின் முன் நிறுத்தப் போகிறார்கள் என்ற மூன்று கேள்விகளை எழுத்து மூலம் அன்றைக்கே கேளுங்கள். பதில் வரும்வரையில் விடாதீர்கள். 1939-ம் வருஷக் கடைசி இரவில் லோராக் சிறையின் வாசலில் இந்தக் கேள்விகளைக் கேட்க ஜெர்மனியின் எத்தனையோ சைக்கிள் சங்கங்களில் ஒன்றுகூட முன்வரவில்லை. கேட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நாம் சொல்லவில்லை. கேளாததனால் கொன்றவர்களுக்கு அது எவ்வளவு சுலபமாயிற்று என்பதை மட்டுமே சொல்லுகிறோம்.